நடுச்சுவரில் மூன்று அங்குலம்

வெள்ளையடித்து மூன்று நாள்கூட ஆகவில்லை. ஹாலின் நடுச்சுவரில் அந்த ஈரம் மறுபடியும் எட்டிப் பார்த்துவிட்டது.

பெரியவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அதன் எதிரே நின்றார். சட்டைப் பையிலிருந்து இரும்பு டேப்பை உருவி அளந்தார். குறுக்கே பத்தேகால் அங்குலம். வெள்ளையடிப்பதற்கு முன்னால் ஒன்பதரைதான் இருந்தது.

"வளருது" என்றார்.

"வளரட்டும். இப்பக் கொஞ்சம் நகருங்க, பால் பொங்குது" என்றாள் மனைவி.

பால் ஹாலில் பொங்குவதற்குக் காரணம் இருந்தது. சமையலறைத் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அதனால் அடுப்பு ஹாலுக்கு வந்தது. அடுப்பு வந்ததால் கட்டில் நடைக்குப் போனது. கட்டில் போனதால் நடையில் நின்ற பீரோ ஹாலுக்கு வந்து, ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பல் துலக்கினால் வாயில் மணல் நறநறத்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடினால் சர்க்கரை டப்பா கிடைத்தது. சர்க்கரை டப்பாவைத் தேடினால் மேஸ்திரியின் கொத்துக்கரண்டி கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு, "பழைய வீடுதானே, பதினைஞ்சு நாள்ல புதுசாக்கிடலாம்" என்று பெரியவர் ஆரம்பித்த வேலை. இன்றைக்கு எழுபத்தோராவது நாள்.

மற்ற எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டார். இந்த ஈரத்தை மட்டும் பொறுக்க முடியவில்லை. காரணம், அது இருந்த இடம்.

பெரியவர் முப்பத்து நாலு வருஷம் எடை, அளவு பரிசோதனை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் தராசு முள் தானாக நடுவில் வந்து நிற்கும் என்பார்கள். துணிக்கடைகளில் இழுபட்டுப்போன டேப்புகளைப் பிடுங்கி, கடைக்காரர் கண்ணெதிரிலேயே துண்டு துண்டாக வெட்டிப் போட்டவர். அப்படிப்பட்டவரைப் பார்த்து "உன் அளவு தப்பு" என்று சொன்ன ஆள் உலகத்தில் ஒருவர்தான். அந்த ஒருவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி.

தெருவில் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் சொல்வார்கள். சின்னவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அண்ணன் அங்குலத்துக்கு என்றால் தம்பி நிமிஷத்துக்கு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு வீட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தபோது, ஹாலின் குறுக்கே சுவர் எழுப்பக் கோடு போட்டவர் பெரியவர்தான். சுவர் எழும்பி முடிந்ததும் சின்னவர் வந்து பார்த்தார்.

"மூணு அங்குலம் என் பக்கம் வந்திருக்கு. உன் அளவு தப்பு."

"என் அளவா தப்பு?"

அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அதற்காகப் பேச்சே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நடுச்சுவர் அரைக்கல் சுவர். ஒரு செங்கல் கனம்கூட இல்லை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் யாருக்குச் சளி என்று தெரிந்துவிடும். ஆகவே இருவரும் அவரவர் மனைவியிடம் பேசுவதுபோல, சுவரைப் பார்த்துச் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். பெண்களுக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது. வீட்டுக்காரர்கள் பேசாதபோது ஓரகத்திகளும் பேசக் கூடாது என்று பெரியவர் அன்றே சட்டம் போட்டிருந்தார். அவர் மனைவி பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அதை மீறியதில்லை. அந்த விஷயத்தில் அவருக்கு அவள்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஈரத்தைப் பார்க்க முதலில் குழாய்க்காரர் வந்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டார், தடவினார், மோந்துகூடப் பார்த்தார்.

"சார், இந்தச் சுவத்துல குழாயே கிடையாதே?"

"அப்ப தண்ணி எங்கிருந்து வருது?"

"அந்தப் பக்கத்துல இருந்துதான் வரணும்."

பெரியவரின் முகம் மலர்ந்தது. "கேட்டியா?" என்று மனைவியிடம் சொல்வதுபோலச் சுவரிடம் உரக்கச் சொன்னார். "தண்ணி அந்தப் பக்கத்துல இருந்து வருதாம். குழாய்க்காரரே சொல்றார்!"

அந்தப் பக்கத்திலிருந்து உடனே சின்னவர் குரல் வந்தது. "நம்ம வீட்டுக்கு நேத்து வந்த குழாய்க்காரர் என்ன சொன்னார்? தண்ணி அந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னுதானே சொன்னார்?"

குழாய்க்காரர் தம் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பிவிட்டார். நேற்று வந்த குழாய்க்காரரும் அவரேதான் என்று பெரியவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அடுத்து மேஸ்திரி. அவரை மனைவிதான் விசாரித்துப் பிடித்து வந்திருந்தாள். நல்ல வேலைக்காரர், நிதானமானவர். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதற்கு முன் ஒரு தடவை வீட்டம்மா முகத்தைப் பார்த்துக்கொள்வார். மரியாதை தெரிந்த ஆள் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார்.

மேஸ்திரி சுவரை விரல் மடக்கித் தட்டினார்.

"பூச்சு உள்ளே பொத்தலா இருக்கு சார். உரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"எவ்வளவு உரிக்கணும்?"

"ஒரு அடி போதும்."

உரித்தார்கள். ஒரு அடி இரண்டடி ஆயிற்று, இரண்டடி மூன்றடி ஆயிற்று. உள்ளே செங்கல் எல்லாம் ஊறிப்போயிருந்தது. நெஞ்சு உயரத்தில் ஒரு கல் மட்டும் ஆடிற்று.

"இந்த ஒரு கல்லை மட்டும் எடுத்துட்டு வேற வச்சிடலாம் சார்" என்றார் மேஸ்திரி.

"ஜாக்கிரதையா எடுய்யா."

மேஸ்திரி ஜாக்கிரதையாகத்தான் உளியை வைத்தார். கல் இந்தப் பக்கம் வரவில்லை. அந்தப் பக்கம் போய்விட்டது. தொம் என்று ஒரு சத்தம். பெரியவர் ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தார். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்காத அந்தப் பாதி ஹால் தெரிந்தது. அங்கே ஒரு மேசை. மேசைமேல் நாளைக்காக இஸ்திரி போட்டு மடித்து வைத்த காக்கிச் சட்டை. சட்டைமேல் செங்கல்.

அன்று சாயங்காலம் சரியாக ஐந்து பத்துக்குச் சின்னவர் வேலையிலிருந்து வந்தார். ஐந்து பன்னிரண்டுக்குக் குரல் வந்தது.

"அன்னிக்கு மூணு அங்குலம் வந்தது. இன்னிக்குச் செங்கல்லே வந்துடுச்சு. நாளைக்கு ஆளே வந்து உக்காந்துக்குவாங்க போலிருக்கு!"

பெரியவருக்குச் சுருக்கென்றது. செங்கல் விழுந்ததற்காக அவர் உள்ளுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டுதான் இருந்தார். மன்னிப்பு மாதிரி ஏதாவது சுவரிடம் சொல்லலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் மறுபடியும் அந்த மூன்று அங்குலம்! ஒரு பழைய காலண்டரை எடுத்து ஓட்டையின் மேல் மாட்டிவிட்டு, பால்கூடக் குடிக்காமல் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அளந்துவிட வேண்டியதுதான். இத்தனை வருஷத்தில் அவர் அந்த ஹாலை மறுபடி அளந்ததே இல்லை; அளந்தால் தம்மைத் தாமே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். தவிர, அந்தப் பக்கத்தை அளக்க வழியும் இல்லை. இப்போதுதான் வழி திறந்திருக்கிறதே. தம் அளவு சரி என்று ஒரு தடவை நிரூபித்துவிட்டால், சுவரைப் பார்த்துச் சொல்வதற்கு ஆயுள் முழுக்கப் போதும்.

முதலில் தம் பக்கத்தை அளந்தார். பதினோரு அடி மூன்று அங்குலம். அவர் அன்று கணக்குப் போட்டது பதினோரு அடி. நெற்றியைச் சுருக்கினார். சரி, அந்தப் பக்கமும் பதினோரு அடி மூன்றாக இருந்துவிட்டால் தகராறே இல்லை.

மேஸ்திரி சிமெண்ட் வாங்கப் போயிருந்தார். மனைவி கொல்லைப்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. பெரியவர் காலண்டரை விலக்கி, இரும்பு டேப்பை ஓட்டைக்குள் மெதுவாகச் செலுத்தினார். டேப் ஆறடி வரைக்கும் விறைப்பாகப் போயிற்று. ஏழாவது அடியில் மடங்கித் தரையில் விழுந்தது. இழுத்து மறுபடி விட்டார். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்த முனை, தானாக எழுந்து, நேராக எதிர்ச்சுவரை நோக்கி நகர ஆரம்பித்தது.

பெரியவர் டேப்பை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"முனையைச் சுவத்துல வச்சுப் பிடிச்சிருக்கேன் மாமா. பாத்துக்கோங்க" என்றது சின்னவர் மனைவியின் குரல்.

என்ன செய்வது? அளவு எடுக்கும்போது பிடித்த முனையை விட்டுவிடு என்று சொல்ல அவர் உத்தியோகம் அவருக்குக் கற்றுத் தரவில்லை. சுவரின் அந்த ஓரத்துக்கு நேராக எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நல்லா இருக்கியாம்மா?" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் தம்பி மனைவியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"நல்லா இருக்கேன் மாமா. எவ்வளவு வந்துச்சு?"

"பத்தடி... ஒன்பது."

"உங்க பக்கம்?"

பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பதினொண்ணு மூணு."



"டேப்பை விட்டுடவா மாமா?"

"விடும்மா."

விட்டாள். டேப் சர்ரென்று திரும்பி வந்து அவர் கட்டை விரலைப் பதம் பார்த்தது. வலித்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல் ஓட்டைப் பக்கம் குனிந்து, "அவன்கிட்டச் சொல்லிடாதேம்மா" என்றார்.

"எதை மாமா?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

கட்டிலடியில் இருந்த பெட்டியைத் திறந்தார். அப்பாவின் பழைய துணி டேப் சுருட்டி வைத்தபடி இருந்தது. சுவருக்குக் கோடு போட்ட அன்று, அலுவலக டேப்பை வீட்டு வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற நேர்மையினால் இதைத்தான் எடுத்திருந்தார். தம் பக்கத்தில் பதினோரு அடி அளந்து கோடு போட்டுவிட்டு, மிச்சம் தம்பிக்கு என்று விட்டுவிட்டார். இப்போது துணி டேப்பை இரும்பு டேப்பின் பக்கத்தில் நீட்டி வைத்தார். துணி டேப்பில் பதினோரு அடி என்று போட்டிருந்த இடத்தில், இரும்பு டேப் பதினோரு அடி மூன்று அங்குலம் காட்டியது. எத்தனையோ கடைகளில் அவர் வெட்டிப் போட்ட அதே மாதிரி இழுபட்ட டேப்.

பெரியவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி சொன்னது சரி. அங்குலம் பிசகாமல் சரி. பன்னிரண்டு வருஷமாகச் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கத்தில் அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. நாளைக்குச் சின்னவருக்கு வார விடுமுறை. நாள் பூராவும் வீட்டில் இருப்பார். ஓட்டை வழியாக ஒரு டேப்பை விட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கையில் கடிகாரம் வேறு இருக்கிறது. எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு அண்ணன் தோற்றான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

மேஸ்திரி சிமெண்ட்டோடு வந்ததும் பெரியவர் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அந்த ஓட்டையை அடைச்சாகணும்."

மேஸ்திரி அம்மாவைப் பார்த்தார். "ஈரச் சுவத்துல புதுக் கல்லு நிக்காது சார். சுத்தி இருக்கிற ஊறின கல்லையெல்லாம் எடுத்தாத்தான் அடைக்க முடியும்."

"அடைக்கச் சொன்னா எடுக்கிறேங்கிறியே!"

"அவர் சொல்றதும் சரிதானேங்க" என்றாள் மனைவி. "இன்னும் நாலு கல்லு எடுத்துட்டா அடைக்கிறதுக்கு வாட்டமா இருக்கும்."

அடைப்பதற்கு வாட்டமாக நாலு கல் எடுத்தார்கள். நாலு பதினாலு ஆயிற்று. பகல் ஒரு மணிக்கு ஓட்டை ஜன்னல் அளவுக்கு வந்திருந்தது. ஜன்னல் வழியாகச் சின்னவர் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. பெரியவர் மனைவி இந்தப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்த நிலைமையிலும் சட்டத்தை மீறவில்லையே என்று பெரியவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"சாப்பிட்டு வந்துடறேன் சார்" என்று போன மேஸ்திரி மூன்று மணி வரைக்கும் வரவில்லை.

பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள் மனைவி.

"ஒரு ஓட்டையை அடைக்க எனக்குத் தெரியாதா? எல்லாம் அளவுதான்."

அளவெல்லாம் சரியாகத்தான் எடுத்தார். சிமெண்டைக் குழைத்தார். பதினாலு கல் அழகாக வரிசை கட்டி நின்றது. மேல் வரிசைக்கு வந்தபோது கடைசிக் கல் கால் அங்குலம் பெரிதாக இருந்தது. இதற்காக ஒரு கல்லை உடைப்பானேன் என்று மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினார். கல் நுழைந்துவிட்டது. ஆனால் அதற்கு மேலே இருந்த பழைய கல் ஒன்று கீழே இறங்கியது. அது தனியாக வருவானேன் என்று பக்கத்துக் கல்லையும் கூட்டிக்கொண்டு வந்தது. பெரியவர் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். இரண்டு கைக்கு எத்தனை கல்தான் தாங்கும்? கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று பாகப்பிரிவினை மாதிரி சமமாக விழுந்தது. அவர் அடுக்கிய பதினாலும் அதோடு போயிற்று.

புழுதி அடங்கியபோது அவர் தலையிலிருந்து கால்வரை மாவில் புரட்டியெடுத்த மாதிரி நின்றார். இப்போது ஓட்டையின் மேல்விளிம்பு அவர் தலைக்கு மேலே இருந்தது.

"அடி பட்டுச்சா?" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன.

"படலை!" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

மணி மூன்றே முக்கால். மூளை வேகமாக வேலை செய்தது. அடைக்க முடியாவிட்டால் மறைக்க முடியும் அல்லவா? ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்த பீரோ கண்ணில் பட்டது.

"ஒரு கை பிடி" என்றார் மனைவியிடம்.

பீரோவை இருவரும் தள்ளினார்கள். உடைந்த கல்மேல் ஏறியதும் பீரோ சாய்ந்தது. சாய்ந்ததோடு நில்லாமல், ஓட்டைக்குக் கீழே மிச்சம் இருந்த இடுப்பு உயரச் சுவர்மேல் பாரத்தைப் போட்டது. பன்னிரண்டு வருஷம் அசையாமல் நின்ற அந்தத் துண்டுச் சுவர், இனிமேல் நாம் மட்டும் நின்று என்ன செய்வது என்பதுபோல மளமளவென்று அந்தப் பக்கம் சரிந்தது. பீரோவின் பாதி தம்பி வீட்டில் இருந்தது. பெரியவர் தம் பாதியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து சின்னவர் மனைவி தள்ளினாள், இந்தப் பக்கத்திலிருந்து இவர்கள் இழுத்தார்கள்; பீரோ ஒருவழியாகப் பிறந்த வீடு வந்து சேர்ந்தது.

நாலரைக்கு மேஸ்திரி வந்தார். பார்த்ததும் பதறுவார் என்று பெரியவர் எதிர்பார்த்தார். அவர் பதறவில்லை. வண்டியிலிருந்து இரண்டு முட்டுக்கட்டைகளையும் ஒரு கனத்த பலகையையும் இறக்கி, மேலே இருந்த சுவர் விழாதபடி முட்டுக் கொடுத்தார்.

"இதெல்லாம் எப்படிய்யா தயாரா கொண்டுவந்தே?"

"தொழில்காரன் சார், முன்யோசனை வேணும்ல?" என்று சொல்லிவிட்டு, ஓட்டையின் இரண்டு ஓரத்தையும் உளியால் சீவி நேராக்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு அடைக்கப்போற ஓட்டைக்கு ஓரம் எதுக்குய்யா சீவுறே?"

"அடைக்கிற வரைக்கும் பாக்க லட்சணமா இருக்கட்டுமே சார்."

பெரியவருக்கு அழுகை வராத குறை. மணி ஐந்து. ஒரு நீலப் போர்வையை எடுத்து, பலகையில் ஆணியடித்துத் திரைபோலத் தொங்கவிட்டார். பிறகு நாற்காலியைத் திரைக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, மடியில் டேப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஐந்து பத்துக்கு அந்தப் பக்கக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் நாலு எட்டு வந்து நின்றுவிட்டது. 

"ஏய், இங்க வா" என்று சின்னவர் தம் மனைவியைக் கூப்பிட்டார். பதில் இல்லை. "எங்க போய்ட்டா இவ? சரி. அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களான்னு கேட்டுச் சொல்லு!"

"இருக்கேன்னு சொல்லு" என்றார் பெரியவர், தம் மனைவியை நோக்கி. திரும்பிப் பார்த்தால் அவளையும் காணோம். மேஸ்திரியையும் காணோம். வீட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை.

திரை லேசாக ஆடியது.

"சொல்றதுக்கு இங்க ஆள் இல்ல" என்றார் சின்னவர் கொஞ்ச நேரம் கழித்து.

"இங்கயும் இல்ல."

 இதுவரை இப்படி ஒரு இக்கட்டு அவர்களுக்கு வந்ததில்லை. பேசலாம், ஆனால் யாரிடம் பேசுவதாக வைத்துக்கொண்டு பேசுவது?

பெரியவர் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாளைக்கு அவன் அளந்து சொல்லிக் கேட்பதைவிட, இன்றைக்கு நாமே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அது மட்டுமில்லை. இத்தனை பக்கத்தில், ஒரு போர்வைக்கு அந்தப் பக்கம் தம்பி மூச்சு விடுவது கேட்டது. முன்னைவிட இப்போது கொஞ்சம் வாங்குகிறது அந்த மூச்சு. அவனுக்கும் வயதாகிவிட்டது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. 

"அளந்து பாத்தேன்" என்றார். "நீ சொன்னது சரி. மூணு அங்குலம். என் அளவுதான் தப்பு."

 பெரியவர் எழுந்து போர்வையை விலக்கினார். சின்னவர் காக்கிச் சட்டையோடு, கையில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. அண்ணனின் தலையில் இருந்த புழுதியைப் பார்த்துவிட்டு, அதை வெள்ளை முடி என்று நினைத்து அவர் கண் கலங்கிவிட்டார்.

"மூணு அங்குலத்துக்காகவா நான் சண்டை போட்டேன்னு நினைச்சே?" என்றார் சின்னவர்.

"பின்னே?"

"அப்பா வீடு. அதை ரெண்டாக்குறப்போ நீ பாட்டுக்குத் தனியா நின்னு, ஒரு முனையை ஆணியில மாட்டிட்டு அளந்தே. நான் அங்கேயேதான் நின்னுக்கிட்டு இருந்தேன். டேப்போட அந்த முனையைப் பிடிடான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டியாண்ணே?"

 பன்னிரண்டு வருஷமாக அவர் அங்குலத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிடலைடா" என்றார். "கூப்பிட்டிருக்கணும்."

சின்னவர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பன்னெண்டு வருஷம், நாலு மாசம், ஒன்பது நாள்" என்றார்.

"மணி, நிமிஷமும் சொல்லேன்."

"காலைல பதினொண்ணே காலுக்கு."

பெரியவர் சிரித்துவிட்டார். சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்து, கன்னத்துப் புழுதியில் கோடு போட்டது. தம்பி உடைந்த கற்களின் மேல் கால் வைத்து இந்தப் பக்கம் வர, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

"சுவத்தை மூணு அங்குலம் தள்ளிக் கட்டிடலாம்" என்றார் பெரியவர். "நாளைக்கே. முனையை நீதான் பிடிக்கிறே."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

"அளவுன்னா அளவுடா."

"அண்ணே, ஆரம்பிக்காதே."

இருவரும் ஓட்டையின் ஓரத்து ஈரக் கல்லைத் தடவிப் பார்த்தார்கள். சின்னவர்தான் முதலில் கேட்டார்.

"அது சரி, அந்த ஈரம் எங்கிருந்துதான் வந்துச்சு? உன் பக்கத்துல ஏதோ ஒழுகுதுன்னு நினைச்சேன்."

"நான் உன் பக்கத்துலன்னு நினைச்சேன்."

"இதுல குழாயே இல்லையாமே?"

"அதான் எனக்கும் புரியல."

வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "பாத்து, பாத்து, தூக்கிப் பிடி" என்ற குரலோடு இரண்டு ஆட்கள், கதவு பொருத்திய பெரிய மர நிலை ஒன்றைப் படியேற்றினார்கள். முன்னால் தச்சர் வந்தார், காதில் பென்சிலோடு. அவருக்குப் பின்னால் மேஸ்திரி. மேஸ்திரிக்கும் பின்னால், பெரியவர் மனைவியும் சின்னவர் மனைவியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருத்தி தரையையும் ஒருத்தி கூரையையும் பார்த்தபடி நின்றார்கள்.

"இது யார் வீட்டுக்கு?" என்றார் பெரியவர்.

"ரெண்டு வீட்டுக்கும்தான்" என்று சொல்லிக்கொண்டே தச்சர் ஓட்டையின் அகலத்தை ஒரு பார்வை பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "நிலை தயாராகி ரெண்டு மாசமாச்சு சார். சுவத்துல ஈரம் ஏத்தக் கொஞ்ச நாளாகும், அதுவரைக்கும் பட்டறையிலயே இருக்கட்டும்னு இந்த ரெண்டு அம்மாவும் சேர்ந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க!"